அத்தியாயம் 6: இசட் மதிப்பெண் – யாரோடு ஒப்பிட்டு?

மாங்காய் சீசனில் ஆந்திராவின் சித்தூர்ப் பக்கத்துப் பங்காருபாளையம் மார்க்கெட் யார்டுக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கால் கிலோ தோத்தாபுரிக் காயைப் ‘பொடி’ என்று ஒதுக்குகிற வியாபாரி, அதே கால் கிலோவில் நீலம் வந்தால் ‘நல்ல சைஸ்’ என்பார். தராசு காட்டும் எண் ஒன்றுதான். காய் என்ன இனம் என்று தெரிந்த பிறகே அந்த எண் பெரிதா சிறிதா என்று சொல்ல முடிகிறது. வியாபாரி கண்ணால் போடும் இந்தக் கணக்கை எண்ணால் போட்டால் அதுதான் இசட் மதிப்பெண்.

மார்க்கெட்டை விட்டு, அதே மண்டலத்து அங்கன்வாடி ஒன்றுக்குப் போவோம். மூன்று வயது நிறைந்த ஒரு பெண் குழந்தையை டீச்சர் உயரப் பலகையில் நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 86.5 செ.மீ., எடை 11.3 கிலோ. இரண்டையும் போஷன் டிராக்கர் செயலியில் பதிகிறார். எடை பச்சை வண்ணத்தில் வருகிறது. உயரத்துக்கோ ‘வளர்ச்சி குன்றியது’ என்று வருகிறது. ‘வெயிட் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?’ என்று அம்மா கேட்டால் டீச்சர் பதில் சொல்லியாக வேண்டும். இந்த அத்தியாயம் அந்தப் பதிலுக்காக எழுதப்பட்டது.

கணக்கு எளிது

மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை தரும் நடு உயரம் 95.1 செ.மீ. நம் குழந்தை அதைவிட 8.6 செ.மீ. குறைவு. 8.6 என்பது அதிகமா, சாதாரணமா? ஆரோக்கியமான குழந்தைகளிலும் சிலர் நெட்டை, சிலர் குட்டை. அந்த ஏற்ற இறக்கம் வழக்கமாக எவ்வளவு என்பதைத்தான் திட்ட விலக்கம் சொல்கிறது. இலங்கைப் பாடநூல்களில் அதற்கு நியம விலகல் என்று பெயர். இந்த வயதுக்கும் பாலினத்துக்கும் அது ஏறத்தாழ 3.8 செ.மீ.

கிடைத்த அளவிலிருந்து நடு அளவைக் கழியுங்கள். வந்ததைத் திட்ட விலக்கத்தால் வகுங்கள். 86.5 கழித்தல் 95.1, வருவது −8.6. அதை 3.8ஆல் வகுத்தால் −2.26. இதுதான் இந்தக் குழந்தையின் வயதுக்கேற்ற உயர இசட் மதிப்பெண். வகுக்கும்போது செ.மீ. மேலும் கீழுமாக அடிபட்டுப் போவதால் விடைக்கு அலகு கிடையாது. உயரம், எடை, தேர்வு மதிப்பெண், மழையளவு என்று எதை எடுத்தாலும் விடை ஒரே பாஷையில் வரும். பூஜ்யம் என்றால் நடுவில் இருக்கிறது. கழித்தல் குறி கீழே என்றும், கூட்டல் குறி மேலே என்றும் காட்டும். 2.26 என்பது வழக்கமான விலகலைப் போல இரண்டேகால் மடங்கு தள்ளி நிற்கிறது என்பதைச் சொல்கிறது.

ஆரோக்கியமான குழந்தைகள் நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேர் மட்டுமே −2க்குக் கீழே வருவார்கள். −3க்குக் கீழே ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒருவர்தான். அதனால்தான் −2ஐ எச்சரிக்கைக் கோடாகவும் −3ஐத் தீவிரக் கோடாகவும் வைத்திருக்கிறார்கள். −2க்குக் கீழே வந்த ஒரு குழந்தையை உடனே நோயாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெற்றோர் இருவரும் குட்டையாக இருக்கும் ஆரோக்கியமான வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை பிறக்கும். ஆனால் நூற்றுக்கு இரண்டு வரவேண்டிய இடத்தில் முப்பது வந்தால் அதைக் குடும்பச் சாயல் என்று சொல்லித் தப்ப முடியாது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் உயரம் −2க்குக் கீழே இருந்தவர்கள் இந்தியாவில் 35.5 சதவீதம், ஆந்திரப் பிரதேசத்தில் 31.2 சதவீதம்.

சதவீதம் ஏன் போதாது

‘நடு அளவில் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் போதாதா?’ என்று கேட்கலாம். 1975 அக்டோபர் 2ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு, அங்கன்வாடிகள் பல ஆண்டுகள் அப்படித்தான் பார்த்து வந்தன. நடு எடையில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் முதல் நிலை, 70க்குக் கீழே இரண்டாம் நிலை என்று போகும் வகைப்பாடு அது. பழைய பணியாளர்கள் இன்றும் ‘கிரேடு’ என்று சொல்வது அந்தக் காலத்துப் பழக்கம்.

அதில் உள்ள கோளாறை நம் குழந்தையை வைத்தே பார்த்துவிடலாம். மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு நடு எடை 13.9 கிலோ. அதில் 80 சதவீதம் 11.1 கிலோ. இசட் கணக்கில் இது −1.8 அளவில் விழும். கவலைப்பட வேண்டியதுதான், ஆனால் காணாத ஒன்றல்ல. இப்போது உயரத்தில் 80 சதவீதம் எடுங்கள். 95.1இல் 80 சதவீதம் 76.1 செ.மீ. அதன் இசட் மதிப்பெண் −5! எடையில் 80 சதவீதம் சாதாரணமாகக் காணக்கூடிய குறை, உயரத்தில் அதே 80 சதவீதம் ஒரு பேரிடர். எடை இயல்பாகவே அகலமாகப் பரவும், உயரம் நெருக்கமாகவே பரவும். சதவீதத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பரவலை வைத்து வகுப்பதால் இசட் மதிப்பெண்ணுக்குத் தெரியும்.

எந்தக் குழு

இதுவரை சொன்னது வெறும் கழித்தலும் வகுத்தலும். இனி வருவதுதான் முக்கியம். 95.1, 3.8 என்ற இரண்டு எண்களும் யாரை அளந்து வந்தவை?

1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தார்கள். இந்தியாவுக்கு டெல்லிக் குழந்தைகள். தாய்ப்பால் கிடைத்தவர்களையும், அம்மா புகைபிடிக்காதவர்களையும், வளர்ச்சியைத் தடுக்கும் வறுமையோ நோயோ இல்லாத வீட்டுப் பிள்ளைகளையும் தேடித் தேர்ந்தெடுத்தார்கள். 2006 ஏப்ரலில் அட்டவணை வெளியானது. 2008இல் நம் அங்கன்வாடிகளுக்கு வந்தது. ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு என்று வந்த வளர்ச்சி அட்டை அதன் அடிப்படையில் ஆனதுதான். அதில் −2க்கு மேல் பச்சை, −2க்கும் −3க்கும் இடையே மஞ்சள், −3க்குக் கீழே ஆரஞ்சு.

ஆக, இது ‘உலகக் குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள்’ என்ற அட்டவணை அல்ல, ‘தடையில்லாமல் வளர்ந்தால் ஒரு குழந்தை எப்படி இருக்கும்’ என்ற அட்டவணை. ‘நம்ம ஊர்ப் பிள்ளைங்க கொஞ்சம் குட்டைதான், வெளிநாட்டுக் கணக்கு நமக்கு எதுக்கு?’ என்ற பேச்சு கிராமத்துத் திண்ணையில் மட்டும் எழுந்ததல்ல. பொருளியல் அறிஞர் அரவிந்த் பனகாரியா 2013இல் இதையே ஒரு கட்டுரையாக எழுதி, இந்தியாவின் ஊட்டக்குறைவை இந்த அட்டவணை மிகைப்படுத்துகிறது என்று வாதாடினார். பதிலுக்கு எழுதியவர்கள் பலர். என் கட்சி எதிர்க்கட்சி. டெல்லியில் வசதியான வீட்டுக் குழந்தைகள் நார்வேக் குழந்தைகளோடு சேர்ந்து அந்த நடு அளவை எட்டியிருக்கிறார்கள்.

வேறு வழியில் யோசித்துப் பாருங்கள். பங்காருபாளையம் மண்டலத்துக் குழந்தைகளை மட்டும் அளந்து, அவர்கள் சராசரியையே நடு அளவாக வைத்து இசட் மதிப்பெண் போட்டால் என்ன வரும்? எந்தக் குழுவையும் அதன் சராசரியாலும் திட்ட விலக்கத்தாலும் மாற்றினால், புதிய சராசரி பூஜ்யம்தான், புதிய விலக்கம் ஒன்றுதான். வேறு எதுவும் வர வாய்ப்பே இல்லை. ஊரே குட்டையாக இருந்தாலும் கணக்கில் ஊர் நலமாகத் தெரியும். ஊட்டக்குறைவைப் போக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

இலங்கையில் நடந்தது

இந்தக் குழுப் பிரச்சினையை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இலங்கைத் தமிழர்கள். அங்கே பல்கலைக்கழக அனுமதி 2001 முதல் இசட் புள்ளி வழியாகத்தான். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எழுதிய பிள்ளையைப் பார்த்து ‘எத்தனை மார்க்?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘இசற் எவ்வளவு?’ என்றுதான் கேள்வி. மூன்று பாடங்களுக்கும் தனித்தனியாக இசட் கண்டு, அவற்றின் சராசரியைத் தசமத்துக்குப் பின் நான்கு இடம் வரை வெளியிடுகிறார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி மாறும்.

மதிப்பெண்ணை விட்டு இசட் பார்ப்பதற்குக் காரணம் எளிது. இணைந்த கணிதத்தில் சராசரி 35, திட்ட விலக்கம் 20 என்றும், வேறொரு பாடத்தில் சராசரி 60, திட்ட விலக்கம் 10 என்றும் கற்பனையாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 75 எடுத்தவருக்குக் கணிதத்தில் இசட் 2.0, மற்றதில் 1.5. கடினமான பாடத்தை எடுத்தவர் வெறும் கூட்டுத்தொகையால் பின்தள்ளப்படாமல் இருக்க இந்த ஏற்பாடு. அந்த அளவில் நியாயமானதுதான்.

ஆனால் 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களும் இருந்தார்கள். வினாத்தாள்களும் வேறு வேறு. இரு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளியைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். மாணவர்கள் வழக்குத் தொடர, 2012இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. இரு பிரிவினருக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டியதாயிற்று. சூத்திரத்தில் ஓர் எழுத்துக்கூடத் தவறில்லை. எந்தக் குழுவின் சராசரியைக் கழிப்பது என்பதிலேயே தவறு.

இதன் மறுபக்கம் இன்னும் பழையது, இன்னும் கசப்பானது. 1971 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ் மாணவர்களிடம் 250ஐயும் சிங்கள மாணவர்களிடம் 229ஐயும் கேட்டார்கள். 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. தமிழ்மூலம் எழுதியவர்களையும் சிங்களமூலம் எழுதியவர்களையும் தனித்தனிக் குழுவாக்கி, மதிப்பெண்களைப் பொது அளவுகோலுக்கு மாற்றினார்கள். எந்தக் குழுவுக்கும் புதிய சராசரி பூஜ்யம்தான் என்று மேலே பார்த்ததை இங்கே பொருத்திப் பாருங்கள். குழுவைப் பிரித்த மறுகணமே ஒவ்வொரு குழுவின் சராசரியும் ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறது. இரு குழுக்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம், அது உழைப்பால் வந்ததானாலும் பள்ளிக்கூட வசதியால் வந்ததானாலும், கணக்கிலேயே அழிந்துபோகிறது. 2011இல் பிரிக்க வேண்டியதைக் கலந்தார்கள். 1973இல் ஒரே கேள்விகளுக்கு இரு மொழிகளில் விடை எழுதியவர்களைப் பிரித்தார்கள். சராசரியும் திட்ட விலக்கமும் நடுநிலையான எண்கள்தாம், ஆனால் குழு எது என்று தீர்மானிப்பவர் மனிதர். எந்த இசட் மதிப்பெண்ணையும் நம்புவதற்கு முன் அந்தத் தீர்மானத்தை விசாரியுங்கள்.

வேறு இடங்களில்

எலும்பு அடர்த்தி ஸ்கேன் ரிப்போர்ட்டில் டி, இசட் என்று இரண்டு மதிப்பெண்கள் இருக்கும். பார்த்துக் குழம்பாதவர்கள் குறைவு. கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான், ஒப்பிடும் குழு மட்டுமே வேறு. டி, உங்களை ஆரோக்கியமான இளவயதினரோடு ஒப்பிடுகிறது. இசட், உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிடுகிறது. எழுபது வயதுப் பாட்டிக்கு இசட் −0.6 என்றும் டி −2.7 என்றும் வரலாம். ‘வயசுக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு’ என்று இசட்டைப் பார்த்து ஆறுதல் அடைந்தால் ஆபத்து. அவர் வயதில் எல்லோர் எலும்பும் தேய்ந்திருப்பதால்தான் அது நல்லதாகத் தெரிகிறது. டி −2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை நோய் என்பது 1994இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஐம்பது கடந்த ஆண்களுக்கும் டி மதிப்பெண்ணையும், அவர்களைவிட இளையவர்களுக்கு இசட் மதிப்பெண்ணையும் பாருங்கள்.

மழைக்கும் இசட் உண்டு. 1993இல் அமெரிக்காவின் கொலராடோவில் உருவான தரப்படுத்திய மழைக் குறியீடு, ஓர் ஊரின் மழையை அதே ஊரின் பல ஆண்டு மழையோடு ஒப்பிட்டு −2 அல்லது அதற்குக் கீழே வந்தால் அதிதீவிர வறட்சி என்கிறது. இங்கே சொந்த ஊரையே குழுவாக வைப்பதுதான் சரி. சித்தூர் மானாவாரி நிலக்கடலை, சித்தூர் மழைக்குப் பழகிய பயிர். சிரபுஞ்சியோடு ஒப்பிட்டு ஆவதொன்றுமில்லை.

திரும்பவும் பலகைக்கு

நம் குழந்தையின் எடை எப்படிப் பச்சையில் வந்தது? அட்டவணையில் மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு −1 என்பது 12.2 கிலோ, −2 என்பது 10.8 கிலோ. 11.3 கிலோ இரண்டுக்கும் நடுவே, −1.6 அளவில் நிற்கிறது. −2ஐத் தாண்டவில்லை, அதனால் பச்சை. உயரத்துக்கேற்ற எடையைப் பார்த்தால் இன்னும் நன்றாகவே இருக்கும், −1க்கு மேலேயே வரும். அதாவது குழந்தை மெலியவில்லை. பெரும்பாலும் நாள்பட்ட குறையால் வளர்ச்சி குன்றி, அந்தக் குட்டை உடம்புக்கு ஏற்ற எடையோடு இருக்கிறது. எடை மெஷின் மட்டும் வைத்திருக்கும் மையத்தில் இந்தக் குழந்தை யார் கண்ணிலும் படாது. அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

எடையின் இசட்டை மேலே சொன்ன சூத்திரத்தால் கையில் போடாதீர்கள். இதே வயதுக்கு +1 என்பது 15.8 கிலோ, நடு அளவிலிருந்து 1.9 கிலோ மேலே. −1 என்பதோ 1.7 கிலோதான் கீழே. அங்கிருந்து −2க்கு 1.4 கிலோ, −2இலிருந்து −3க்கு 1.2 கிலோ. படிகள் சமமாக இல்லை, மேல்பக்கப் படிகளே பெரியவை. செயலி இந்தச் சாய்வைச் சரிசெய்து கணக்கிடுகிறது. உயரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லாததால்தான் அதை நாம் தாளில் போட்டுப் பார்க்க முடிந்தது.

ஆறு மாதம் கழித்து இதே குழந்தை 89 செ.மீ. இருக்கிறது என்று வையுங்கள். இரண்டரை செ.மீ. வளர்ந்துவிட்டாள், வீட்டில் சந்தோஷம். மூன்றரை வயதுக்கு நடு உயரம் 99.0, திட்ட விலக்கம் சுமார் 4.1. இசட் −2.44. பிள்ளை வளர்ந்திருக்கிறாள், ஆனால் மற்ற பிள்ளைகள் அவளைவிட வேகமாக வளர்ந்துவிட்டார்கள். இருந்த இடத்திலேயே நிற்பதற்குக்கூட மூன்று செ.மீ.க்கு மேல் வளர்ந்திருக்க வேண்டும். ஒரு தடவை எடுத்த அளவைவிட அடுத்தடுத்து எடுத்த அளவுகளின் போக்கையே நம்புங்கள்.

அளவெடுப்பதில் இரண்டு இடங்களில் கை தவறும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிறுத்தி அளக்க வேண்டும். படுக்கவைத்தால் 0.7 செ.மீ. கூடுதலாக வரும் என்று அட்டவணையே கணக்கு வைத்திருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை அழுது அடம்பிடித்து நிற்க மறுத்தால் படுக்கவைத்து அளந்துவிட்டு, அந்த 0.7ஐக் கழியுங்கள். கழிக்காவிட்டால் இசட் ஏறத்தாழ 0.2 உயர்ந்துவிடும். எல்லைக்கோட்டில் இருக்கும் பிள்ளைக்கு அந்த 0.2 பெரிது.

அடுத்தது வயது. நம் குழந்தைக்கு மூன்று வயதுக்குப் பதில் இரண்டே முக்கால் என்று தவறாகப் பதிந்துவிட்டால், நடு உயரம் 92.9 ஆகிவிடும். இசட் −2.26இலிருந்து −1.75க்கு வந்துவிடும். குழந்தை ஒரு மில்லிமீட்டர்கூட வளராமல் பட்டியலிலிருந்து காணாமல் போய்விடும். எதிர்த்திசையில் பிழை விட்டால் நல்ல குழந்தை பட்டியலில் ஏறிவிடும். உயரத்தின் இசட் −6க்குக் கீழேயோ +6க்கு மேலேயோ காட்டினால் குழந்தையைப் பற்றிக் கவலைப்படுமுன் அளவையும் தேதியையும் சந்தேகப்படுங்கள். உலக சுகாதார நிறுவனமும் அத்தகைய எண்களை ஆய்வுக் கணக்கிலிருந்து நீக்கிவிடச் சொல்கிறது.

உயரத்துக்கேற்ற எடை −3க்குக் கீழே போனாலோ, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தாலோ, இரு பாதங்களிலும் வீக்கம் தெரிந்தாலோ, தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். இதில் பாத வீக்கத்தை எந்த இசட் மதிப்பெண்ணும் காட்டாது, சொல்லப்போனால் மறைக்கும். நீர் கோத்த உடம்பு எடையைக் கூட்டிக் காட்டும். பெருவிரலால் இரு பாதங்களையும் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்தால் எடையின் இசட்டை ஓரமாக வைத்துவிடுங்கள்.

அம்மாவிடம் −2.26 என்று சொல்ல வேண்டாம். ‘இந்த வயசுக்கு எட்டு, ஒன்பது செ.மீ. குறைவா இருக்கும்மா, ஆறு மாசத்துல எவ்வளவு வளர்றாள்னு சேர்ந்து பார்ப்போம்’ என்று சொன்னால் புரியும். அப்படிச் சொல்வதற்கு முன், குழந்தையின் பிறந்த தேதியை வாய்மொழியாகக் கேட்டு எழுதாமல், பிறப்புச் சான்றிதழையோ தாய்–சேய் அட்டையையோ வாங்கிப் பார்த்துச் செயலியில் இருக்கும் தேதியோடு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.